காணாமல்போன பாதி நிலா

பட்டுச் சால்வை போர்த்தியவன் சொல்வதெல்லாம் சாஸ்திரம் என்று நம்பிய ஜமீன்தார் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலை அவர் தோட்டத்தில் உலாவும்போது கிழக்கே சூரியனும் மேற்கே பாதி நிலாவும் ஒன்றாகத் தெரிந்தன.

"மீதிப் பாதி எங்கே?" என்று கேட்டார்.

"பூமியின் நிழல் மறைக்கிறது," என்றார் ஆஸ்தான பண்டிதர்.

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தோட்டக்காரன் ஒச்சப்பன் சிரித்துவிட்டான். பண்டிதருக்கு முகம் சிவந்தது. "சிரித்தவன் அந்தப் பாதியைக் காட்டட்டும். இல்லையென்றால் வேலையைவிட்டுத் துரத்துங்கள்!"

ஜமீன்தாரும் தலையாட்டினார்.

கத்தரிப் பாத்தியில் திருஷ்டிக்காகக் கம்பில் கவிழ்த்திருந்த சுண்ணாம்பு பூசிய பானையை ஒச்சப்பன் கம்போடு பிடுங்கி, நிலாவுக்குப் பக்கத்தில் தெரியும்படி உயர்த்தினான். பானையிலும் வெயில் பட்ட பாதி பளிச்சென்றும் மறுபாதி இருண்டும் இருந்தன.

"சாமி, இந்தப் பாதியை எந்த நிழல் மறைக்குது?"

பண்டிதர் வானத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், தரையையும் பார்த்தார். "பூமியின்... நிழல்தான்."

"சூரியன் கிழக்கே மேலே வந்துடுச்சு. பூமியோட நிழல் நம்ம காலுக்குக் கீழே அந்தப் பக்கமாத்தானே போகும்? கம்பு நுனிக்கு எப்படி ஏறும்? தடவிப் பாருங்க, பாதி எங்கேயும் போகலை. வெயில் படாத முதுகு அது. நிலாவும் அப்படித்தான்."

குழம்பிப்போன ஜமீன்தார் பண்டிதரை உற்றுப் பார்த்தார். "உமக்கும் ஒரு கன்னம் இருண்டிருக்கிறதே, பண்டிதரே!"

பண்டிதர் பதறிப்போய்க் கன்னத்தைத் தடவினார்.

"கன்னம் இருக்கா சாமி?" என்று கேட்டுவிட்டு, ஒச்சப்பன் தண்ணீர் இறைக்கப் போனான். யாரும் தடுக்கவில்லை.