ஒம்போதாம் நம்பர் மஞ்சப்பை

கோணப்பட்டிக்காரங்க புத்தியை செலவழிக்கவே மாட்டாங்க. பொறந்தப்ப குடுத்தது மடிப்புக் கலையாம அப்படியே இருக்கு. அதுலயும் வெள்ளைக்கண்ணு இருக்கானே, மேலுறையைக் கூடப் பிரிச்சதில்ல.

அவனுக்குத்தான் இப்ப தலைபோற சிக்கல். வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் குமராண்டி மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். ஆனா திருவிழா பிளெக்ஸ்ல மச்சான் படம் பூசணிக்கா சைசு, தன் படம் எலுமிச்சங்கா சைசுன்னு ரெண்டு பேருக்கும் எட்டு மாசமா பேச்சு இல்ல.

"எங்கண்ணன் வரலன்னா நானும் இருக்க மாட்டேன்"னு பொண்டாட்டி மூட்டை கட்டிட்டா.

அகந்தை போனா எல்லாம் சரியாகும்னு யாரோ சொன்னாங்க. கூட்டாளிங்க சீனிமுத்து, அழகுராசாவோட மலையடிவாரத்து மடத்துக்குப் போனான்.

சாமியார் வாசல்லயே மறிச்சாரு. "செருப்பை விடுற மாதிரி அகந்தையையும் வெளியில விட்டுட்டு வாங்க."

மூணு பேரும் செருப்பு ஸ்டாண்டுக்கே திரும்புனாங்க.

"அது எங்கடா இருக்கும்?"ன்னான் வெள்ளைக்கண்ணு.

"தலையிலதான். உனக்குத் தலைக்கனம்னுதானே ஊரே திட்டுது?"ன்னான் சீனிமுத்து.

"அப்ப எனக்கு?"ன்னான் அழகுராசா.

"உன் தலையில எதுவுமே இல்லடா. சும்மா நில்லு."

வெள்ளைக்கண்ணு மஞ்சப்பைக்குள்ள தலையை விட்டு, ஒதறு ஒதறுன்னு ஒதறி, வாயை இறுக்கிக் கட்டி நீட்டுனான்.

"உள்ள என்னண்ணே?"ன்னு கேட்டுச்சு ஸ்டாண்டு அக்கா.

"என் அகந்தை. பத்திரம்."

"காலையில இருந்து இது ரெண்டாவது பை"ன்னு முணுமுணுத்துக்கிட்டே ஆறாம் நம்பர் டோக்கன் குடுத்துச்சு.

உள்ள சாமியார் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு: "நீ யார்?"

"பையில இருக்கு சாமி. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

நாப்பது வருசமா இப்படி ஒரு பதிலைக் கேக்காத சாமியார் பொலபொலன்னு அழுதுட்டாரு.

வெளிய வந்து டோக்கனைத் தலைகீழா நீட்டுனான். அக்கா ஒம்போதாம் நம்பர் பையைக் குடுத்துச்சு.

"விட்டுட்டுப் போகத்தானே வந்தோம்?"ன்னான் அழகுராசா.

"சொந்தப் பொருளை எவனாவது விட்டுட்டுப் போவானாடா?" பையை அவுத்துத் தலையில கவுத்துக்கிட்டான்.

அந்த நேரம் பாத்து மடத்துக்குள்ள இருந்து குமராண்டி வந்தான். அகந்தையை விட்டுட்டு வான்னு அவனை அவன் பொண்டாட்டி அனுப்பியிருக்கா. ஸ்டாண்டுல மிச்சமிருந்த ஒரே மஞ்சப்பையை வாங்கித் தன் தலையில கவுத்தான். திரும்புனா, எதுக்க வெள்ளைக்கண்ணு!

"என் மச்சான் படம் பெருசாத்தான் இருக்கணும்! இன்னும் பெருசா போட்டிருக்கணும்!"னு கத்துனான் வெள்ளைக்கண்ணு.

"வாயை மூடுய்யா! என் மாப்ள படத்தைச் சின்னதா போட்டது மகா அக்கிரமம்! தப்பு என்மேலதான்!"

"என் மச்சான் மேல தப்பு சொல்ல நீ யாருய்யா?"

சட்டையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"பை மாறிப்போச்சுடா!"ன்னான் சீனிமுத்து.

"மாத்திவிட்டா?"ன்னான் அழகுராசா.

"பழைய சண்டை வரும்."

"மாத்தலன்னா?"

"புதுச் சண்டை நடக்குதே, தெரியல?"

ரொம்ப நேரம் ஆலோசிச்சு, ரெண்டு தலையையும் மறுபடி பையில ஒதறவச்சு, பைகளை அங்கேயே போட்டுட்டு நாலு பேரும் ஒரே ஓட்டம்.

காதுகுத்து ஜோரா நடந்துச்சு. மாமன் மடியில உக்காந்து புள்ள போட்ட கூச்சல்ல பந்தலே ஆடுச்சு.

மறுநாள் சேதி வந்துச்சு. அந்த ரெண்டு பையையும் பிரசாதம்னு நெனச்சு சாமியார் உள்ள தலையை விட்டுப் பாத்தாராம். மச்சானும் மாப்ளையும் மடத்துக்கு ஓடுனாங்க. வாசல்ல நாப்பதடி பிளெக்ஸ். முழுக்க சாமியார் மூஞ்சி. கீழ கொட்டை எழுத்துல, 'அகந்தை துளியும் இல்லாத ஒரே மகான் நானே!'

வெள்ளைக்கண்ணு அண்ணாந்து பாத்தான். "மச்சான், இது நம்ம சரக்குதானே?"

"பின்ன? உயரம் என்னோடது மாப்ள. அகலம் உன்னோடது."