கையைக் கட்டிக்கொண்டு பழுது பார்த்தவள்

கணினித் துறைத் தலைவர் தில்லைவில்லாளனின் லினக்ஸ் லேப்டாப் காலையில் மாணவர்கள் முன்னால் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. லேப் உதவியாளரான பவுனம்மாளைக் கூப்பிட்டார்.

"நேத்து நீதானே துடைச்சே? இப்போ கையே வைக்காம சரி பண்ணு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

பவுனம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். "ஆன் பண்ணுங்க சார். மெனுவுல பழைய கெர்னல்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க."

லினக்ஸின் இதயமான கெர்னலின் பழைய பதிப்போடு லேப்டாப் எழுந்துகொண்டது.

"நேத்து யாரோ புது கெர்னல் அப்டேட் போட்டிருக்காங்க, சார். அதுதான் மக்கர் பண்ணுது."

"யாரவன்?"

"அப்டேட் போட பாஸ்வேர்ட் கேக்குமே! உங்க பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்?"

"என்னைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது!" என்று மார்தட்டினார்.

மாணவர்கள் சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நாளைக்கு வழக்கம்போல எட்டு மணிக்கே வரட்டுமா, சார்?" என்றாள் பவுனம்மாள்.