செயலாளருக்குத் தெரியாத சொல்

குன்னூர் மனமகிழ் மன்றத்தில் அகராதிக்கு இடமில்லை. செயலாளர் அம்பலவாணர் சொல்வதுதான் அர்த்தம். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆட்டத்தில் முழ நீளத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை வைப்பார். கேட்டால், "லத்தீன் வழி வந்தது" என்பார். எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு தோற்க வேண்டியதுதான்.

ஒருநாள் டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் ஞானதாஸ் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அம்பலவாணருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்குத் தெரியாத ஒரு வார்த்தையை நாளைக்குள்ள கொண்டா. இல்லேன்னா கேன்டீனைக் காலி பண்ணு."

மறுநாள் எல்லோர் முன்னாலும் ஞானதாஸ் ஒரு தாளை நீட்டினார். ஒரே சொல், தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

அம்பலவாணர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இதுவா? மழைக்கு முன்னாடி யானைக்கு வர்ற தலைவலி."

"நிச்சயமா சார்?"

"லண்டன்ல இருந்தப்போ தினமும் காதுல விழுந்த வார்த்தையப்பா."

ஞானதாஸுக்கே தூக்கிவாரிப்போட்டது. "சார், நேத்து ஆபீஸ் டைப்ரைட்டர் மேல நம்ம பூனை நடந்துச்சு. அது அடிச்சது இது."

அம்பலவாணர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

வக்கீல் ராஜரத்தினம் மெல்ல எழுந்தார்.

"போன வருஷம் ஒரு வார்த்தையை வச்சு என்கிட்டேருந்து போட்டிக் கோப்பையை வாங்கிட்டீங்களே சார். அதுல நடந்தது எந்தப் பூனை?"