ஏட்டு மந்திரவாதியின் நெருப்பு

கோமதிநாயகத்தைத் தொபியாஸ் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஹெப்சி டீச்சர் வீட்டு மாடிக் குழாயடியில். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். கோமதிநாயகம் மட்டும் தன் ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கும் சும்மாவே உட்கார்ந்திருந்தீங்க அண்ணாச்சி," என்றார் தொபியாஸ்.

"சும்மா எங்க இருந்தேன்? எல்லாருக்கும் டீ ஊத்தினேன்லா."

"விளையாட்டுக்குச் சொல்லல. பாதி ஆட்டத்துலயே உங்க மந்திரம் தீர்ந்துபோகுது. அந்த ஐயாத்துரை கடைசிவரைக்கும் நெருப்பா வீசுதான். டீச்சர்கிட்ட சொல்லி இதைச் சரிபண்ணாம விடமாட்டேன்."

கோமதிநாயகம் ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார்.

"நெருப்பு வந்தா எல்லாரும் கைதட்டுதாங்க. பார்க்க நல்லாத்தான இருக்கு. எனக்கு என்ன குறை? விடும்வே."

அந்த வாரமே ஒரு நாள் காலையில் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே போய்விட்டார்.

அவர்கள் ஆடியது ஒரு கதை ஆட்டம். ஹெப்சி டீச்சர் காட்டையும் குகையையும் அரக்கர்களையும் சொல்லிக்கொண்டு போவார். மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் போவார்கள். செய்ய நினைத்ததைச் சொல்லிப் பகடையை உருட்டினால், அது பலித்ததா இல்லையா என்று தெரியும். லோடு ஆட்டோ ஓட்டுகிற ஐயாத்துரை, ஏடு படித்து மந்திரம் கற்றவன். வாரம் முழுக்கக் கண்டவரிடமெல்லாம் வசவு வாங்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை நெருப்பை வீசுவான். ஜீனத், மரத்தோடும் மிருகத்தோடும் பேசுகிற காட்டுக்காரி. கோமதிநாயகம், சாமியிடம் வரம் வாங்கிக் காயம் ஆற்றுகிற வைத்தியன். கதைக்குள் அவர் பெயர் மருதன்.

தொபியாஸ் பாத்திரம் எதுவும் எடுக்கவில்லை. ஆட்டம் நடத்தக் கற்றுக்கொள்வதற்காக டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவரைவிட வெகு இளையவர். அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

மந்திரத்துக்கு அளவு புளியங்கொட்டை. ஒரு மந்திரம் சொன்னால் ஒரு கொட்டையை நடுவில் இருக்கிற கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். கையிலுள்ளது தீர்ந்தால், கதையில் பொழுது விடிகிறவரை மந்திரம் கிடையாது. தொடக்கத்தில் டீச்சர் மூடிய கையால் அவரவர் உள்ளங்கையில் கொட்டைகளை வைப்பார். அடுத்தவர் கொட்டையை எண்ணுவது அந்த மேஜையில் மரியாதைக் குறைவு. தொபியாஸும் எண்ணியதில்லை. ஏடு படித்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று தாமாகவே முடிவுகட்டியிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, தொபியாஸ் எல்லோருக்கும் முன்னால் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"ஏட்டு மந்திரவாதிக்கு எவ்வளவு கொட்டை குறைக்கலாம் டீச்சர்?"

"எதுக்கு அண்ணே?"

"ஒருத்தன் வீசிக்கிட்டே இருக்கான், இன்னொருத்தர் வேடிக்கை பார்க்காரு. அண்ணாச்சி வாயத் திறந்து கேட்கல. இனிமே அந்த இடத்துக்கு வாரவங்களாவது சும்மா உட்காரக் கூடாதுல்லா."

டீச்சர் கொட்டைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இருக்கிறபடியே ஆடுவோம். முடிஞ்சதும் எவ்வளவு குறைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

மருதனை என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். அவனுக்கு ஜன்னி கண்டு நினைவு தப்பிவிட்டது. குகைக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். டோலியில் தூக்கிப்போய் அவன் வீட்டில் விட்டுவிட வேண்டும். கதைக்குள் அவன் பாட்டுக்கு வெகுகாலம் இருந்துகொள்ளட்டும். தொபியாஸ்தான் கெஞ்சிக் கேட்டார். "அண்ணாச்சி போனது போனதுதான். மருதனாவது வீடு போய்ச் சேரட்டும்."

கதையில் ஐயாத்துரையும் ஜீனத்தும் டோலியைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் நுழைந்தார்கள்.

"என்னா கனம் கனக்கான்," என்றான் ஐயாத்துரை. "அண்ணாச்சி இவனுக்கு இட்லியக் குறைச்சிருக்கலாம்."

ஜீனத் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

வவ்வால் கூட்டம் வந்தது. ஐயாத்துரை நெருப்பு வீசினான். பாறை இடுக்கில் ஏதோ அசைந்தது. அதற்கும் வீசினான்.

"எலிக்கெல்லாமா நெருப்பு?" என்றாள் ஜீனத்.

"நமக்கென்ன பஞ்சமா? நீ டோலியப் பிடி தாயி."

பள்ளத்தைக் கடக்க ஜீனத் மரவேர்களைக் கூப்பிட்டுப் பாலம் போட்டாள். அதோடு அவள் கை காலி. தொலைவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வாசலை அடைத்துக்கொண்டு கல் தோல் போர்த்த அரக்கி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"இப்பப் பாருங்க," என்று ஐயாத்துரை கையை நீட்டினான்.

அவன் முன்னால் மேஜையில் ஒரு கொட்டைகூட இல்லை.

சட்டைப் பையைத் தட்டினான். குனிந்து காலடியில் தேடினான். நாற்காலியை இழுத்துப் பார்த்தான்.

"டீச்சர், குறைச்சலா கொடுத்திட்டீங்க."

"எப்பவும் கொடுக்கிறதுதான்."

"எனக்கு எப்பவும் மிச்சம்லா இருக்கும்? போன ஆட்டத்துலகூட மிச்சம் இருந்துச்சே!"

அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஜீனத் அதைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"அண்ணாச்சி உங்களுக்கு டீ வைக்கும்போதெல்லாம் இன்னொரு கையையும் மூடினபடி உங்க பக்கம் வைப்பாங்க. நான் சீனி போடுதாங்கன்னு நினைச்சேன்."

ஐயாத்துரை கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

தொபியாஸ் டீச்சர் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், ரெண்டே ரெண்டு கொட்டை. மருதன் வெளிய வந்திரட்டும்."

"யாரோடதை எடுத்துக் கொடுக்க?"

தொபியாஸ் கிண்ணத்தைப் பார்த்தார். அதில் கிடந்தது எல்லாம் செலவானது.

"தூக்கிட்டு ஓடுதோம்," என்றாள் ஜீனத்.

"உருட்டும்மா."

பகடையில் குறைந்த எண்தான் விழுந்தது. டீச்சர் குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். அரக்கியின் கை டோலியின் மேல் விழுந்தது. மூங்கில் முறிந்தது. தூக்கி வந்த இருவரும் வெளிச்சத்தில் போய் விழுந்தார்கள். பின்னால் பாறை சரிந்து வாசல் மூடிக்கொண்டது.

ஜீனத் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஐயாத்துரை போகவில்லை. தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு இது தெரியுமா டீச்சர்?" என்றார் தொபியாஸ்.

"தெரியும்."

"தடுத்திருக்கலாமே. நான் வேற, ஆட்டத்துலதான் கோணல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

டீச்சர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு குறைக்கணும்னு சொல்லுங்க அண்ணே."

தொபியாஸ் ஐயாத்துரையின் குனிந்த தலையைப் பார்த்தார். பிறகு வேறொன்று கேட்டார்.

"யார் யாருக்கு எத்தனை கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் கொடுத்தேன். அண்ணாச்சிதான் ஒண்ணுபோல வச்சுக்கல."



மருதன் குகைக்குள் கிடந்தான். காயம் ஆற்றத் தெரிந்தவர் அந்த மேஜையில் வேறு யாரும் இல்லை.