படுத்திருந்த கடிதம்

"மூன்று கடிதங்கள் எழுதப்பட்டுவிட்டன, சாமி. பணம் திருப்பித் தரப்படவில்லை" என்றார் புலவர் அம்பலக்கூத்தன்.

நொய்யல் கரையில் ஒரு சிறிய மடம். அதன் சமையற்கட்டுக்குப் புலவர் பொறுப்பு. வயது அறுபத்தொன்று. இங்கே வருவதற்கு முன் கல்லூரியில் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவர்.

மடத்துத் தலைவரான சாமிக்கு வயது முப்பத்துநான்கு. துறவுக்கு முன் ஒரு பாத்திரக் கடையில் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஆன்மிகத்துக்கு அது நல்ல பயிற்சி என்பார்.

"எதுக்கான பணம்?" என்று கேட்டார் சாமி.

"மடத்துக்கு ஒரு கிரைண்டர் வாங்கப்பட்டது. அரிசி போட்டால் கல் நின்றுவிடுகிறது."

"போடாம ஓட்டினா?"

"அருமையாகச் சுற்றுகிறது."

"கடைக்காரர் என்ன சொல்றார்?"

"கல் பழக வேண்டும் என்று சொல்லப்பட்டது."

புலவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று திங்கள். ஞாயிற்றுக்கிழமை குருபூஜை. அறுநூறு பேர் சாப்பிட வருவார்கள். வாடகைக்குக் கிரைண்டர் தருபவர் வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணமும் கேட்டிருந்தார். இருந்த பணமோ கோவையில் ஒரு கடைக்காரரின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

"கடைசிக் கடிதத்தைக் காட்டுங்க."

மூன்று பக்கம். முதல் பக்கம் கடைக்காரரின் தொழிற்பெருமை. இரண்டாம் பக்கம் கருங்கல்லின் குணம். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி: 'எனவே ஆவன செய்யப்படுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.'

"பதிலே வரலையா?"

"ஒன்று வந்தது."

அது ஒரே வரி. 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. ஆவன செய்யப்படும்.'

அதில் ஒற்றுப்பிழை எதுவும் இல்லை என்று புலவர் முதல் நாள் மகிழ்ந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

சாமி கடிதத்தை மடித்துக் கீழே வைத்தார். பிறகு அதன் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டார்.

புலவர் காத்திருந்தார். சாமி எழுந்திருக்கவில்லை.

"உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, சாமி?"

"இல்ல. கடிதத்துல எல்லாம் படுத்திருக்கு. நான் மட்டும் எதுக்கு உக்காந்திருக்கணும்?"

புலவர் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். வாங்கப்பட்டது. கொண்டுவரப்பட்டது. ஊற்றப்பட்டது. தெரிவிக்கப்பட்டது.

"எத்தனை?" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"முப்பத்தொன்று. 'பாடுபட்டு' என்பதையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. ஆனால் அது செயப்பாட்டு வினை ஆகாது."

"இலக்கணம் நல்லாத்தான் இருக்கு. கிரைண்டரை யார் வாங்கினது?"

"மடத்துக்காக வாங்கப்பட்டது."

"யாரால?"

புலவர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார். அங்கே பல்லி ஒன்று இருந்தது. அது உதவவில்லை.

"வருஷா வருஷம் வாடகைக்குத்தானே எடுப்போம்? இந்த வருஷம் சொந்தமா வாங்கணும்னு என்கிட்ட யாரும் கேக்கலையே."

"கேட்கப்படவில்லை" என்றார் புலவர், பழக்கத்தில்.

வெளியே சமையற்கட்டில் யாரோ அண்டாவை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை புலவர் நின்றார்.

"நான்தான் சாமி வாங்குனேன்."

முப்பது வருடம் வகுப்பில் பேசிய தமிழ் அந்த வாக்கியத்தில் இல்லை.

"மடத்துக் கணக்கர் வேண்டாம்னார். நான் கேக்கல. கடையில அந்த ஆளு, 'ஐயாவுக்குத் தெரியாததுங்களா'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். குருபூஜைப் பணத்தை எடுத்துக் கொடுத்துட்டேன். சமையல்காரங்ககிட்ட, சாமிதான் வாங்கச் சொன்னார்னு சொல்லிட்டேன்."

சாமி எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு பேர் என்ன?"

"நாச்சிமுத்து."

"கடிதத்துல அதைக் காணோமே. 'உரிமையாளர் அவர்களுக்கு'ன்னு இருக்கு. பாத்திரக் கடையில நாங்க அந்த மாதிரி வர்றதையெல்லாம் கட்டிப் பரண்மேல போட்டுடுவோம். சரி, நாச்சிமுத்து என்ன செய்யணும்?"

"பணத்தைத் திருப்பித் தரணும்."

"எப்போ?"

"வியாழக்கிழமைக்குள்ள."

"தரலேன்னா?"

புலவரின் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். நுகர்வோர் நீதிமன்றம் என்று போனால், வாங்கியது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"கேஸ் போடப்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "போடுவேன்."

"இப்பச் சொன்னதை மட்டும் எழுதுங்க. தபால்ல வேண்டாம், நேர்ல கொடுங்க. நகல்ல அவர் கையெழுத்து வாங்கிக்குங்க."

"கணக்கரிடம்..."

"அவர் இப்ப ஆபீஸ்லதான் இருக்கார்."

புலவர் முதலில் அங்கே போய் நடந்ததை ஒப்புக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். மூன்று தாள் எடுத்துவைத்திருந்தார். ஒன்றிலேயே பாதி மீந்தது.

'திரு. நாச்சிமுத்து அவர்களுக்கு,

போன மாதம் ஆறாம் தேதி உங்கள் கடையில் நான் ஒரு கிரைண்டர் வாங்கினேன். அரிசி போட்டால் கல் நின்றுவிடுகிறது. உங்கள் மெக்கானிக் இரண்டு முறை வந்தும் அது சரியாகவில்லை. ரசீதின் நகலையும், அவர் எழுதித் தந்த சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை மாலைக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நுகர்வோர் நீதிமன்றத்தில் உங்கள்மேல் வழக்குப் போடுவேன்.

அம்பலக்கூத்தன்.'

பெயருக்கு முன்னால் 'புலவர்' போடலாமா என்று யோசித்தார். போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். பேருந்தில் வந்த ஒன்றரை மணி நேரமும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் கடிதத்தின் ஒரு மூலை வேர்வையில் நனைந்திருந்தது.

நாச்சிமுத்து அதை நின்றபடி படித்தார். உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"என்னங்கய்யா, கோர்ட்டு கீர்ட்டுன்னு எழுதிப்போட்டீங்க. நமக்குள்ள என்னங்க? டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்."

"கல்லு பழகோணுங்க. ஓட ஓடத்தான் பழகும். ஐயாவுக்குத் தெரியாததுங்களா?"

புலவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "நீங்க சொல்றீங்க. அதையே இதுல எழுதிக் கொடுங்க. கல் பழகினால் ஓடும், இதற்கு நான் பொறுப்புன்னு எழுதி, கீழே உங்க பேரைப் போடுங்க."

பேனாவையும் நீட்டினார்.

நாச்சிமுத்து வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். வாசலில் போன பேருந்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

மூடியைப் போட்டார்.

"ரொக்கமாவே கொடுத்தர்றேனுங்க."