சாயங்காலம் வந்து கேளுங்க

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய வைரவன், மனைவி இறந்தபின் மலையடிவாரத்து மடத்தில் உலகம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஞானம் வந்ததோ இல்லையோ, விடியும்போது முதுகுவலி தவறாமல் வந்தது. எழுந்தால் முதுகு பலகையாக நிற்கும். குனிந்து செருப்பை மாட்ட முடியாது. அலுத்துப்போய், மூட்டையைக் கட்டிக்கொண்டு குருவின் அறை வாசலில் வந்து நிற்பார்.

"என்னால முடியலம்மா. ஊருக்குப் போறேன்."

"போங்கண்ணே. செடிக்கு நாலு குடம் தண்ணி ஊத்திட்டு, சாயங்காலம் வந்து கேளுங்க."

முதல் குடத்துக்கு உயிர் போகும். நாலாவது குடத்துக்கு வலி பாதியாகும். பிறகு விறகு, மாட்டுக்குத் தீவனம், சமையல் பாத்திரம். சாயங்காலம் மூட்டை தானாக அவிழ்ந்திருக்கும். மறுநாள் விடிந்தால் பழைய கதை.

இப்படியே நாலு வருஷம். ஒரு நாள் காலையில் விஷயம் பிடிபட்டது. மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னைக்குக் குடத்தைத் தொட மாட்டேன். தொட்டா முதுகு இளகிடும். இளகிட்டா போக மனசு வராது. நாலு வருஷமா இப்படித்தான் என்னை ஏமாத்துறீங்க."

"ஆமா," என்றது உள்ளிருந்து குருவின் குரல். "இன்னைக்குத் தண்ணி ஊத்த வேண்டாம். போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக விடை கிடைக்கும் என்று வைரவன் நினைக்கவில்லை. அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. எப்போதும் வாசலோடு நிற்பவர், கடைசியாக ஒரு கும்பிடு போட உள்ளே போனார்.

குரு இன்னும் பாயில்தான் இருந்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் சுவரைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தலைமாட்டில் ஒரு துணி மூட்டை, இறுக்கி முடிச்சுப் போட்டபடி இருந்தது.

"இது யாரோட மூட்டைம்மா?"

"என்னோடது. காலைல கட்டுவேன். சாயங்காலம் அவிழ்ப்பேன்."

"எத்தனை நாளா?"

"இருபது வருஷமா."

வைரவன் தன் மூட்டையைக் கீழே வைத்தார்.

"நான் உங்ககிட்ட வந்து கேக்குறேன். நீங்க யார்கிட்டம்மா கேப்பீங்க?"

"கேக்க ஆளில்லண்ணே. அந்த விளக்குமாத்தை இப்படி எடுத்துக் குடுங்க."