ஏழு சுத்தமான குழாய்கள்

“அமுதவல்லி ஆய்வேட்டுல பொய் எழுதியிருக்கா மேடம்.”

தணிகாசலம் புகார்க் கடிதத்தை மேசைமேல் வைத்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஆபரேஷன் செய்த கை. இப்போது ஆராய்ச்சி மாணவர். ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

தணிகாசலத்துக்கு முன்பே சேர்ந்த மாணவி அமுதவல்லி அதே அறையில்தான் நின்றாள். மூன்று மணிக்கு விசாரணைக் குழு கூடும். கடிதத்தில் ஆசிரியையின் கையெழுத்து விழுந்தால் அவளுடைய பட்டம் போச்சு.

“என்ன பொய்?”

“இறுகின ரத்தக்குழாய்ல வெளியிலேர்ந்து கால்சியம் விட்டா தளரும்னு எழுதியிருக்கா. ஏழு எலியில பார்த்துட்டேன். ஒண்ணுகூடத் தளரலை. கால்சியம் தசையை இறுக்கும். முதல் வருஷப் பாடம் மேடம் இது.”

“குழாயை எப்படி எடுத்தீங்க சார்?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மேலே ஒட்டிய கொழுப்பு, மெல்லிய நார் எல்லாவற்றையும் உரித்துவிடுவாராம். பளிச்சென்று இருக்குமாம். அந்த ஆய்வகத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது. அது உண்மைதான்.

மெஹருன்னிசா பேனாவைத் திறந்தார். அமுதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கையெழுத்துக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. கொழுப்பை மட்டும் எடுங்க. நாரைத் தொடாதீங்க.”

“அசிங்கமா இருக்கும் மேடம்.”

“இருக்கட்டும்.”

கடுகடுப்போடுதான் செய்தார். தலைமுடி கனக் குழாயைக் கம்பியில் மாட்டி, மருந்து விட்டு இறுக்கினார். திரையில் இறுக்கத்தைக் காட்டும் கோடு மேலே ஏறி நின்றது.

கால்சியம் விட்டார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“பார்த்தீங்களா?” என்றார் தணிகாசலம்.

கோடு இறங்க ஆரம்பித்தது. பாதிக்கும் கீழே போனது.

இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். கழுவிவிட்டு மறுபடி இறுக்கினார். மறுபடி கால்சியம். மறுபடி இறங்கியது. மணி இரண்டே முக்கால்.

“தசை அதே தசைதானே?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

“அதேதான்.”

“கால்சியம்?”

“அதே பாட்டில்.”

“அப்போ தசையைத் தளரச் சொன்னது யாரு?”

தணிகாசலம் கம்பியில் மாட்டிய குழாயைக் குனிந்து பார்த்தார். அந்த நாருக்குள் வலைமாதிரி நரம்பு ஓடுவது அவருக்குத் தெரியாததல்ல.

“நரம்பு” என்றார். “கால்சியம் வந்ததை அதுதான் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுது. நான் ஏழு தடவையும் அதை உரிச்சுப் போட்டுட்டேன்.”

கடிதத்தை அவரே கிழித்தார். வெட்கத்தில் அமுதவல்லியை நேராகப் பார்க்க முடியவில்லை.

“நீ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“சொன்னேன் சார். ரெண்டாவது எலி அன்னைக்கே.”

“எனக்கு ஞாபகமே இல்லையே.”

“‘கத்தி பிடிக்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா’ன்னு கேட்டீங்க சார்.”